காணாமற்போன ஒன்பது பக்கங்கள்

அந்த நாடாளுமன்றத்தில் எங்கும் எழுதி வைக்கப்படாத, ஆனால் எவரும் மீறாத விதி ஒன்று உண்டு: உறுப்பினர் வாசிக்கும் உரையை உறுப்பினரேதான் எழுதினார். உண்மையில் எழுதிய உதவியாளர் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்து, அதை முதன்முறையாகக் கேட்பவர்போல வியந்துகொண்டிருக்க வேண்டும்.

பதினாறு ஆண்டுகளாக அவ்வாறு வியந்து தேர்ந்தவர் 'கால்புள்ளி'. உறுப்பினர் மூச்சு வாங்க வேண்டிய இடங்களிலெல்லாம் சிவப்பு மையில் கால்புள்ளி இட்டுத் தருவதால் வந்த பெயர்.

இப்போது அவர் பணியாற்றுவது முன்னாள் செவிலியரான ஓர் உறுப்பினரிடம். அலுவலகத்துக்கே அவர் 'அக்கா'. சிறிய பிரசவ ஆஸ்பத்திரிகளை மூடும் மசோதாவை ஆதரித்து அக்கா அன்று பேச வேண்டும். கட்சிக் கொறடாவின் உத்தரவு. ஒன்பது பக்க உரையை வரிவரியாகச் சரிபார்த்துக் கோப்பில் வைத்தவரும் கொறடாவே.

காலையில், மின்தூக்கியில், எதிர்க்கட்சி உதவியாளர் கால்புள்ளியின் காதருகே குனிந்தார்.

"அண்ணே, அந்த ஒம்பது பக்கம் மட்டும் காணாமப் போச்சுன்னா, எங்க தலைவர் உங்கள மறக்கவே மாட்டாரு."

கால்புள்ளி மாறிவரும் தள எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மதிய உணவு வேளையில் அறை காலியானது. கால்புள்ளி கோப்பிலிருந்து காகிதங்களை உருவிச் சட்டைக்குள் செருகினார்; கணினியில் இருந்த பிரதியையும் அழித்தார். கல்லூரியில் படிக்கும் இரண்டு மகள்கள். வேலை போனால் குடும்பம் நடுத்தெருவில். ஆனால் கேட்டவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.

மூன்று மணிக்கு அவை மணி ஒலித்தது. கோப்பைத் திறந்த அக்கா, "ஐயையோ, பேச்சைக் காணோமே!" என்று அலறினார். கொறடா பாய்ந்து வந்தார்.

"யோவ் கால்புள்ளி, எங்கய்யா பேப்பரு?"

"அதுலதான் சார் இருந்துச்சு."

"கம்ப்யூட்டர்ல இருக்குமில்ல?"

"அதையும் யாரோ அழிச்சிருக்காங்க சார்."

"நல்லா வேலை பாத்த போ! பேச்சு கிடைக்கலன்னா, நாளைக்கு இந்த வாசல்ல உன் தலை தெரியக் கூடாது." பிறகு அக்காவிடம் குரலைத் தாழ்த்தினார்: "நீங்க 'மசோதாவை ஆதரிக்கிறேன்'னு ஒத்த வரி சொல்லிட்டு உக்காந்துருங்க, போதும்."

மாடத்தில் கால்புள்ளி மூச்சுவிடும்போதெல்லாம் வயிற்றருகே காகிதம் சரசரத்தது. சற்றுத் தள்ளியிருந்த எதிர்க்கட்சி உதவியாளர் பூரிப்போடு கண்ணடித்தார்.

அக்கா எழுந்தார்.

"சபாநாயகர் அவர்களே, இந்தச் சபையில இதுவரைக்கும் நான் பேசின ஒரு வரிகூட நான் எழுதினதில்ல. மேல உக்காந்திருக்காரே, அவர்தான் எழுதுவார்."

கொறடா தலையில் கை வைத்துக்கொண்டார். கால்புள்ளி, பதினாறு ஆண்டுகளில் முதன்முறையாக, உண்மையாகவே வியந்தார்.

"இருபது வருஷம் பிரசவம் பாத்த ஆஸ்பத்திரிய மூடுங்கன்னு நான் எந்த வாயால படிக்கிறது? பேப்பரு அவர் சட்டைக்குள்ளதான் இருக்கு; பாவம், அவரை விட்டுடுங்க. மூணு நாளாக் கெஞ்சி அதைத் திருட வெச்சதே நான்தான்!"