கல்யாண நாள் பரிசு

கல்யாண நாளுக்கு மனைவி பரிசாகக் கொடுத்த முழு உடல் பரிசோதனையில், தலைமை ஆசிரியருக்குச் சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது.

"எனக்கு வலியே இல்லையே டாக்டர். ஒரு புண்ணுகூடக் கிடையாது."

"அதான் சார் இதோட குணம். சத்தம் போடாம உள்ளயே உட்கார்ந்திருக்கும்" என்றார் டாக்டரம்மா. "பென்சிலின் போட்டா சரியாயிடும். ஆனா வீட்டுக்காரம்மாவுக்கும் பார்க்கணும். இல்லன்னா அவங்ககிட்டயிருந்து உங்களுக்கே திரும்பி வந்துடும்."

ஆறு மாதத்துக்கு முந்தைய ஆசிரியர் மாநாட்டு இரவு நினைவுக்கு வந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவளுக்குச் சத்து ஊசின்னு சொல்லிப் போட்டுடலாமா?"

"பொய் சொல்லி நான் யாருக்கும் ஊசி போடறதில்ல. நீங்களே உண்மையைச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

பின்புறம் இரண்டு பக்கமும் ஊசி வாங்கிக்கொண்டு நொண்டியபடி வீடு வந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த உண்மை, வாசலிலேயே காலை வாரிவிட்டது.

"டாக்டர் நம்ம ரெண்டு பேருக்கும் சத்து ஊசி எழுதியிருக்காங்க. நாளைக்கு நீயும் வா."

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"ரெண்டு பக்கமும் போட்டாங்களா? வெந்நீர் ஒத்தடம் தர்றேன், வலி குறையும். எனக்குப் போன மாசமே போட்டாச்சு."

"போன மாசமா? அப்பவே சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்லி உங்களை அனுப்புறது? அதான் பரிசா வாங்கித் தந்தேன்."

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்க இருவருமே வாயைத் திறந்தார்கள். இருவருமே மூடிக்கொண்டார்கள்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்க, பேசலாம்."

முப்பது வருடமாகப் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தவர், "பரவாயில்ல, நிக்கிறேன்" என்றார்.