தவறாத சொட்டு

"தினம் ராத்திரி வெர்னோட ரெண்டு கண்ணுலயும் நான்தான் சொட்டு விடுறேன். ஒரு நாள்கூடத் தவறினதில்ல. முப்பது வருஷம் நர்ஸா இருந்தவ நான்." டெலோரஸ் கனத்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

டாக்டர் லண்டீன் கணினித் திரையைப் பார்த்தார். டெலோரஸின் கணவர் வெர்னின் கண்ணழுத்தம் இறங்கவே இல்லை. பக்கப் பார்வை இன்னும் சுருங்கியிருந்தது. இப்படியே போனால் டுலூத் நகரில் பனி தள்ளும் வண்டியை அவர் இனி ஓட்ட முடியாது.

"தப்பா நினைக்காதீங்க. சில பேர் மருந்து விடுறதாச் சொல்வாங்க, விட மாட்டாங்க."

டெலோரஸ் கைப்பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்துக் காதருகே குலுக்கினார். "கேளுங்க. கால்வாசிதான் மிச்சம். மாசம் முடியப்போகுது. சரியா இருக்கா?"

"அவகூட வாதாடாதீங்க, டாக்டர்," என்றார் வெர்ன். "நான் கல்யாணத்தன்னிக்கே நிறுத்திட்டேன்."

மருந்து பலிக்கவில்லை, வேறு வழியில்லை. இடது கண்ணுக்கு இன்றே லேசர் என்று முடிவாயிற்று.

வெர்ன் எழுந்து முழங்கையை நீட்டினார். டெலோரஸ் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே காத்திருக்கும் அறைக்கு நடந்தார்.

"இந்த வயசுலயும் கைகோத்துக்கிட்டா?" உதவியாளர் பெண் சிரித்தாள்.

"விட்டா ஓடிடுவான்," என்றார் டெலோரஸ்.

வெர்ன் திரும்பி வந்து லேசர் கருவியில் மோவாயை வைத்தார். பச்சை வெளிச்சம் வெட்டி வெட்டி மறைந்தது, ஒவ்வொரு முறையும் சின்னதாக ஒரு சொடுக்குச் சத்தம். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது.

"இது பலிக்கச் சில வாரம் ஆகும். பலிச்சா சொட்டு மருந்தே வேண்டாம். உங்க மனைவிக்கு ஒரு வேலை மிச்சம்."

"வேணாம் டாக்டர். மருந்தை நிறுத்தாதீங்க." வெர்ன் அவசரமாகச் சொன்னார்.

லேசருக்காகக் கண்ணில் வைத்த பசை கன்னத்தில் வழிந்திருந்ததை டாக்டர் துடைத்தார். துடைத்த கை நின்றது. வெர்னின் தாடி முழுக்க வெள்ளை. ஆனால் இரண்டு கண்களுக்கும் கீழே, கன்னத்து எலும்பின் மேல், மெல்லிய கறுப்பு முடி கோடாக இறங்கியிருந்தது.

"வெர்ன், இந்த மருந்து வழியிற இடத்துல முடி வளரும். உங்களுக்குக் கன்னத்துல வளர்ந்திருக்கு. சொட்டு கண்ணுக்குள்ள விழவே இல்ல."

வெர்ன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நீங்களே இன்னொரு சொட்டு விட்டிருக்கலாமே?"

"குப்பியைக் குலுக்கியே கண்டுபிடிச்சிடுவா. பார்த்தீங்கல்ல."

"அவங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன? வண்டி ஓட்டுறது போயிடும், வெர்ன். கண்ணே போயிடும்."

வெர்ன் கதவைப் பார்த்தார். அது சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்குக் கண்ணு போனப்புறம் அவகிட்ட மிச்சமிருக்கிற நர்ஸ் வேலை இது ஒண்ணுதான், டாக்டர்."