கட்டுப்பாட்டுக் குளம்

சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. நான் படிப்பைப் பாதியில் விட்ட வாத்து. கீழ்க்குளத்துப் பள்ளியில் ஆயா வேலை.

பாட்டோடு சொல்லிக்கொடுத்தால் குஞ்சுகள் சீக்கிரம் நீந்தப் பழகுமா என்று பார்க்க ஒரு கொக்கு வந்தார். சீட்டுக் குலுக்கியதில் பாட்டு மேல்குளத்துப் பள்ளிக்குப் போயிற்று. எங்களிடம், "நீங்க கட்டுப்பாட்டுக் குழு" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டார்.

கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடுதானே? ஒரு குஞ்சையும் தண்ணீரில் இறங்க விடவில்லை.

"நாங்க என்ன தப்பு பண்ணோம் ஆயா?" என்று குஞ்சுகள் அழுதன. எனக்கும் ஒரு நத்தைகூடத் தொண்டையில் இறங்கவில்லை. இப்படியே போனால் நீந்தத் தெரியாத வாத்துகளாகிவிடுமே!

மறுவாரம் கொக்கு வந்தார். "ஏன் எல்லாம் கரையில உட்கார்ந்திருக்கு?"

"நீங்கதானே ஐயா கட்டுப்பாடுன்னீங்க?"

"அட ஆயாம்மா! பாட்டு இல்லாம, வழக்கம்போல நீந்தணும்னு அர்த்தம். அப்பத்தானே ரெண்டு குளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்? பாட்டு பலிச்சா அடுத்து உங்களுக்கும் உண்டு."

"அப்போ தண்டனை இல்லையா?"

"தண்டனையா? யாரு சொன்னா?"

போன உயிர் திரும்பி வந்தது. குஞ்சுகள் தொபுக்கென்று குதித்தன. அந்நேரம் பார்த்து மேல்குளத்துப் பாட்டு காற்றில் மிதந்து வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, அது எங்கள் பிள்ளைகள் காதில் விழாதபடி, சாயங்காலம் வரை கரையில் நடந்து நடந்து கத்திக்கொண்டே இருந்தேன்.