மூக்கைத் தொட்டுச் செய்த சத்தியம்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. நாய் குளிப்பாட்டும் கடைக்காரர் தன் மூக்கைத் தொட்டுச் சத்தியம் செய்து சொன்னது.

"ஒண்ணு இந்தச் சனியன் வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!" என்று கணவர் அந்தக் குட்டி டெரியர் நாயைக் கடை மேசைமேல் தொப்பென்று வைத்தார். "இன்னைக்கும் நாத்தம் போகலேன்னா, சாயங்காலமே யார் தலையிலயாவது கட்டிடுவேன்."

மனைவிக்குக் கண் கலங்கியது. கடைக்காரருக்குக் குடல் கலங்கியது. நாயின் தாடியில் என்றைக்கோ தின்ற முட்டை காய்ந்து ஒட்டியிருந்தது. காதுக்குள் கறுப்பாகக் குரும்பி. எல்லாவற்றுக்கும் மேலே, செத்த எலியை ஊறப்போட்டதுபோல் ஒரு வீச்சம்.

"ராத்திரி இது எங்கேம்மா படுக்கும்?"

"இவரு ஷூவுக்குள்ள மூக்கை விட்டுக்கிட்டுத்தான். இழுத்தாலும் வராது."

"எலி பிடிக்கிற இனம்மா. பொந்தைக் கண்டா விடாது. பிடிவாதத்துல என் மாமியாரே இதுகிட்ட தோத்துடுவாங்க."

"கதை போதும், வேலையைப் பாருய்யா!" என்று கணவர் வெளியேறினார்.

கம்பிபோன்ற அந்த முடிக்கு மெஷின் ஆகாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, செத்த முடியை விரலாலேயே பிடுங்கினார் கடைக்காரர். தாடியை அலச அலச இறங்கிய தண்ணீரைப் பார்த்தவருக்கு மதியச் சோறு இறங்கவில்லை. துவட்டி, மாடி வெயிலில் காயவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள்.

"தரையெல்லாம் ஈரம். ஷூவைக் கழட்டிட்டு உள்ளே வாங்க சார்."

கழற்றினார். அவ்வளவுதான், கடைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கணவரும் மூக்கைப் பொத்தினார். "பார்த்தியா? குளிப்பாட்டியும் போகலை! இப்பவே தொலைச்சுட்டு மறுவேலை."

"சார்... நாய் இன்னும் மாடியிலதான் இருக்கு."

மனைவி ஷூவைப் பார்த்தாள். கணவரின் காலுறையைப் பார்த்தாள். நிதானமாகக் கேட்டாள்:

"அப்போ நீங்க எங்க தங்கப்போறீங்க?"

இதைச் சொல்லும்போதெல்லாம் கடைக்காரருக்கு இன்றைக்கும் குமட்டும். ஒருநாள் அவர் மனைவி குறுக்கே வந்தாள்.

"இவருக்கா? மூக்குல வாசனையே தெரியாம போய் வருஷக்கணக்காச்சு. அந்தத் தைரியத்துலதானே இந்தக் கடையையே ஆரம்பிச்சோம்!"