அடுத்த டோக்கன்

"நான் பேச ஆரம்பிச்சா இவர் போனைக் கையில எடுத்துடறார் சார். அவ்வளவுதான் காரணம்" என்றாள் அந்த இளம் மனைவி.

கோந்து சார் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகர். விவாகரத்து கேட்டு வரும் ஜோடிகளைப் பேசியே ஒட்டவைக்கிறவர் என்பதால் அந்தப் பட்டப்பெயர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே.

"இதெல்லாம் ஒரு காரணமாம்மா? அந்தக் காலத்துல அடி, உதை, குடின்னு வருவாங்க. அதுவே அத்திபூத்தாப்லதான். நீங்க கல்யாண ஆல்பம் கைக்கு வர்றதுக்குள்ள வந்து நிக்கறீங்க!"

"அவங்க வாயை மூடிக்கிட்டு இருந்தாங்க. நான் வாய்விட்டுச் சொல்றேன் சார்."

"பொறுமை இல்லைன்னு சொல்லும்மா. என் வீட்டுக்காரியை எடுத்துக்கோ. முப்பத்தோரு வருஷம். ஒரு குறை சொன்னதில்லை!"

"அவங்க சொல்லலையா, நீங்க கேக்கலையா சார்?"

அதுவரை உம்மென்றிருந்த புருஷன்காரனே சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். கோந்து சாருக்குத்தான் சுருக்கென்றது.

"சரி சரி, ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டு மணியை அடித்தார். "அடுத்த டோக்கன்!"

உள்ளே வந்தது அவர் மனைவி. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் ஆபீஸ் பக்கம் வராதவள்.

"நீ எங்க இங்க? வீட்டுச் சாவியைத் தொலைச்சுட்டியா?"

அவள் டோக்கனை மேஜை மேல் வைத்தாள். பதினேழு.

"என்ன விளையாட்டு இது? வெளியில கூட்டம் காத்துக்கிட்டிருக்கு."

"நானும் ரெண்டு மணி நேரமா அதே பெஞ்சுலதான் காத்துக்கிட்டிருந்தேன்."

"ஏன், வீட்ல சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. போன மாசம் மூணு தடவை. நீங்களும் 'ம்'னு சொன்னீங்க. என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்?"

கோந்து சாருக்கு முழி பிதுங்கியது. "கேஸ் சிலிண்டர்?"

"அக்கா வீட்டுக்குப் போயிடப் போறேன்னு சொன்னேன். ஒரேயடியா."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் அவர் தலைக்கு மேல் சுவரில் தொங்கிய போர்டைக் காட்டினாள். அவரே எழுதி மாட்டியது. 'ஒருவருக்கு அரை மணி நேரம். ஆலோசகர் குறுக்கே பேசமாட்டார்.'

"ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் காது குடுக்கறீங்க. எனக்கும் ஒரு அரை மணி நேரம் குடுங்க. அப்புறம் விவாகரத்து ஃபாரம் வேணுமா வேண்டாமான்னு சொல்றேன்."

அவருடைய போன் அடித்தது. அதை அணைத்து இழுப்பறையில் போட்டார்.

அவள் கல்யாணமான முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்தாள். சமையலறையில் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தவளை, 'நியூஸ் ஓடுது' என்று அவர் அடக்கிய நாள். அதற்குப் பிறகு அவள் பாடவே இல்லையாம். அவளுக்குப் பாட வரும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. கேட்கக் கேட்க, இவளோடு எந்த மடையன் இத்தனை நாள் குடித்தனம் நடத்தினான் என்று கோபம் கோபமாக வந்தது.

கிளார்க் எட்டிப் பார்த்தார். "சார், அரை மணி ஆயிடுச்சு."

அவள் எழுந்தாள்.

"ஃபாரம்..." கோந்து சார் இழுத்தார். "வேணுமா?"

"தெரியலை. இன்னும் முதல் வருஷமே முடியலையே."

"மீதியை வீட்ல சொல்றியா?"

"வீட்ல அந்த போர்டு இல்லையே."

கோந்து சார் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலி மேல் ஏறி, போர்டை ஆணியிலிருந்து எடுத்தார்.

"என்ன சார், ரிப்பேரா?" என்றார் கிளார்க்.

"ஆமாப்பா. போர்டு இல்லை, நான்."