ஓர் எழுத்து

ஏழாம் பாட்டுக்கு வந்ததும் அவர் குரலைச் சற்றுத் தாழ்த்தினார்.

"பாடசாலை துலங்கப் பணிசெய்தாள் பரிமளமே…"

மண்டபத்தில் சில தலைகள் ஆடின.

துலங்க.

அந்தச் சொல்லைப் பிடிக்க மூன்று நாள் சென்றது. துலக்க என்று எழுதினால் பாத்திரம் நினைவுக்கு வரும். துலங்க என்றால் விளக்கு நினைவுக்கு வரும். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். பொய் இல்லை. கேட்பவர்கள் ஆசிரியை என்று எடுத்துக்கொண்டால் அது அவர்கள் காது.

இன்று தங்கையின் முப்பத்தோராம் நாள். இறந்தவரின் வாழ்க்கையைப் பாட்டாகக் கட்டி, கல்வெட்டு என்று புத்தகம் அடித்து, சபையில் வாசிக்க வேண்டும். வேறு யார் செய்வது? யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் அதிபராக இருந்தவர் அவர். ரொறன்ரோவிலும் கோட்டுப் பொத்தானைப் பூட்டாமல் வாசலைத் தாண்டாதவர்.

அவர் வீட்டுப் பெண் நிலம் துடைத்தாள் என்று அச்சில் வராது.

காலையில் தங்கையின் மகள் நிரோஜா கேட்டாள்.

"அம்மா கிளீனர், மாமா. இருபத்திரண்டு வருஷம். அதை எழுதினால் புத்தகம் நாறுமே?"

"உன்ரை அம்மா ஒரு அதிபரின்ரை தங்கச்சி."

"அந்த அதிபரைக் கனடாவுக்குக் கூப்பிட்டது ஆர்? கிளீனர்தானே."

அவர் புத்தகக் கட்டைப் பிரித்தார்.

அவள் ஒரு சப்பாத்துப் பெட்டி கொண்டுவந்திருந்தாள். உள்ளே, அம்மா வேலைசெய்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைந்து அனுப்பிய அட்டைகள். 'மிஸ் பரி' என்று கோணல் எழுத்தில். மேசையில் வைக்காதே என்றார். கதிரைக்குக் கீழே தள்ளிவைத்தாள்.

இப்போது அவர் அந்தப் பெட்டியைப் பார்க்கவில்லை. முதல் வரிசையைப் பார்த்தார்.

சம்பந்தி நடேசபிள்ளை, மாலை போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

அவர் எட்டாம் பாட்டை வேகமாக வாசித்தார். மகளை மருந்தாளர் ஆக்கியது. ஒன்பதாம் பாட்டு. கோயிலுக்குப் பூ கட்டியது.

எந்தப் பாட்டிலும் இல்லாதவை அவருக்குத் தெரியும். நாலரைக்கு எழும்பி முதல் பஸ் பிடித்தது. தரை துடைக்கும் மருந்துத் தண்ணீரில் வெடித்த கைகளுக்கு நல்லெண்ணெய் பூசி, காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு படுத்தது. வகுப்பறைக் கதவோரம் துடைத்தபடி, உள்ளே ஆசிரியை சொன்ன ஆங்கிலச் சொற்களைப் பொறுக்கிவந்து, பின்னேரத்தில் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

இன்னொன்றும் தெரியும்.

பதினாலு வருடங்களுக்கு முன்பு. அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேசி, முடிகிற நேரம். தேர்தல் நாள். நடேசபிள்ளை தன் காரில் வந்து, வாக்குப் போட அவரையும் கூட்டிப்போனார். வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். எந்தப் பள்ளிக்கூடம் என்று அவர் விசாரிக்கவில்லை.

தாழ்வாரம் முழுக்கச் சப்பாத்துப் பனி உருகிக் கிடந்தது. நீலச் சட்டையோடு ஒருத்தி மொப்பால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்தாள்.

அவரைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற புது மனிதரைப் பார்த்தாள். பிறகு, ஆங்கிலத்தில், வருகிற எவருக்கும் சொல்வதுபோல் சொன்னாள்.

"தரை ஈரம், சேர். கவனம்."

"தாங்ஸ்," என்றார் அவர்.

தமையன், தங்கைக்கு.

நிமிர்ந்துதான் நடந்துபோனார்.

கலியாணத்துக்கு அவள் வரவில்லை. காய்ச்சல் என்றாள். பேரனின் முதல் பிறந்தநாளுக்கும் காய்ச்சல். வீடு குடிபுகுந்த அன்றும். சம்பந்தி இருக்கும் சபை எதற்கும் அவள் வந்ததில்லை. வா என்று அவரும் இரண்டாம் தரம் கேட்டதில்லை.

அவளுடைய செத்தவீட்டு நேரம் நடேசபிள்ளை ஊருக்குப் போயிருந்தார். இன்றுதான் இருவரும் ஒரு மண்டபத்தில்.

கடைசிப் பாட்டு முடிந்தது.

நடேசபிள்ளை எழுந்தார். தட்டிலிருந்து பூ எடுத்துப் படத்தடியில் வைத்தார். போகவில்லை. நின்றார்.

திரும்பினார்.

"மாஸ்டர், இவவை நான் எங்கையோ கண்டிருக்கிறன்."



ஒரே மாதிரி முகம் எத்தனையோ, சம்பந்தி. பதினாலு வருடமாக வாயில் தயாராக வைத்திருந்த பதில். சிரித்துக்கொண்டே சொல்லலாம். சம்பந்தியும் சிரித்துவிட்டுப் போய் உட்காருவார். சாப்பாட்டுக்கு இலை போட்டுவிடுவார்கள்.

நிரோஜா தலையைத் தூக்கவில்லை. என்ன பதில் வரும் என்று தெரிந்தவள் போல மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் தங்கை அவரைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள்.

மறுபடியும் அவளே 'கவனம், சேர்' என்று சொல்லிவிடுவாள் போலிருந்தது.

"ஓம்," என்றார் அவர். "வோட்டுப் போடப் போன அண்டைக்கு. தரை ஈரம் எண்டு சொன்னவ."

நடேசபிள்ளை மறுபடி படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் கோட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார். காலைப் பிரார்த்தனையில் எண்ணூறு பிள்ளைகளை அடக்கிய குரல் வந்தது.

"ஏழாம் பாட்டிலை ஒரு எழுத்துப் பிழை இருக்கு. பேனை இருக்கிறவை எடுங்கோ."