வெள்ளிக்கிழமைக் குளிர்

மலேசியாவின் கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் கிஃபாயத்துல்லா, விற்க வந்தவனையே வியர்க்கவைத்து விலையைக் குறைத்துத்தான் அந்தப் புது ஏர்கோனை வாங்கினார். அது கடைக்குள் இருப்பவர்களை எண்ணி, அவர்கள் பக்கமே காற்றைத் திருப்பும். ஆளில்லாவிட்டால் தானே அணைந்துவிடும். எண்ணிக்கை அவர் கைப்பேசியிலும் தெரியும். முதல் மாதமே கரண்டு பில் பாதியானது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் போனவர், பள்ளிவாசல் படியில் கைப்பேசியைப் பார்த்தார். ‘உள்ளே: 1.’

இன்னொரு சாவி இருந்தது கடையின் கூட்டாளியான மச்சினன் சஃப்வானிடம் மட்டும்தான்.

அடுத்த வெள்ளி அவனைத் தன் பக்கத்திலேயே நிறுத்தித் தொழுதார். வெளியே வந்து பார்த்தால், அதே ஒன்று.

“சாவிய யாருக்குடா குடுத்தே?”

“மெஷின நம்புறீங்க, என்னை நம்ப மாட்டீங்களா மச்சான்?”

“பொய் சொல்லி மெஷினுக்கு என்னா லாபம் லா?”

இருவரும் போய்க் கடையைத் திறந்தார்கள். ட்ரையல் ரூம் திரையைக்கூட விலக்கிப் பார்த்தார்கள். ஒருவரும் இல்லை. கடை மட்டும் ஜில்லென்றிருந்தது.

சஃப்வான் தன் சாவியை மேசையில் வைத்தான். “பதினோரு வருஷம் மச்சான்,” என்றான். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுச் சாலையைக் கடந்து போனான். அவன் தலை மறையும்வரை பார்த்திருந்த கிஃபாயத்துல்லா கைப்பேசியை எடுத்தார்.

‘உள்ளே: 2.’

அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்த காற்று மெல்ல விலகிப் போனது. ட்ரையல் ரூம் பக்கமிருந்து, புடவைகளில் தொங்கிய விலைச்சீட்டுகள் அவரை நோக்கி ஒவ்வொன்றாக அசைந்துகொண்டு வந்தன. கடைசியாக அசைந்தது அவர் தோளருகே இருந்த சீட்டு. அதன்பின் காற்று நகரவில்லை.